குழந்தைக்கும் பத்துக் குப்பி!

ஐந்து வயதுக் குழந்தை. எடை 15 கிலோ. கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷம் ஏறிவிட்டது என்று டாக்டர் கண்டுவிட்டார். மருந்து எவ்வளவு கொடுப்பார்?

60 கிலோ எடையுள்ள தகப்பனை அதே பாம்பு கடித்திருந்தால் எவ்வளவு கொடுப்பாரோ, அதே அளவுதான்! குழந்தை என்பதற்காக ஒரு துளிகூடக் குறைப்பதில்லை.

இதைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். காய்ச்சல் மருந்தைக்கூடக் குழந்தைக்கு அளந்து அளந்து கொடுப்பவள் தாய். "இந்தச் சின்ன உடம்பு தாங்குமா?" என்று அவள் கேட்பது நியாயமே. அதற்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும். திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது மிகவும் அவசியம்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டை... எங்கே பார்த்தாலும் தோட்டமும் காடும்தான். கடலை, வெங்காயம், பூ, மாந்தோப்பு. பெற்றோர் வேலை செய்யும் வரப்பில்தான் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

பாம்பு வயது பார்ப்பதில்லை

தலைவலி மாத்திரை வேலை செய்வது உடம்பின் மேல். உடம்பு சிறிதானால் மாத்திரையும் சிறிதாக வேண்டும். பாம்புக்கடி மருந்து அப்படி அல்ல. அது வேலை செய்வது விஷத்தின் மேல்.

கடிக்கும் பாம்பு, "இது குழந்தை, கொஞ்சம் விஷம் போதும்" என்று நினைப்பதில்லை. பெரியவருக்கு எவ்வளவு இறக்குமோ, அவ்வளவையும் குழந்தைக்கும் இறக்கிவிடும். குடத்துத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போடுங்கள். அதே கைப்பிடி உப்பை ஒரு செம்புத் தண்ணீரிலும் போடுங்கள். எது அதிகம் கரிக்கும்? செம்புத் தண்ணீர்தானே! அதுபோலத்தான் குழந்தைக்கு ஆபத்து அதிகம். மருந்தைக் குறைத்தால், மிஞ்சிய விஷம் தன் வேலையைச் செய்யும்.

கணக்கைப் பாருங்கள்

ஒரு கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தை இறக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு குப்பி மருந்து 10 மில்லி. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். அப்படியானால் ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். 63 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 10 குப்பி வேண்டும்.

அதனால்தான் இந்தியாவின் சிகிச்சை விதி, முதல் தவணை 8 முதல் 10 குப்பி என்கிறது. குழந்தைக்கும் இதே அளவு என்று அது தெளிவாகச் சொல்கிறது.

ஆனால், பாம்பு கடித்த எல்லோருக்கும் இந்த மருந்து போடுவதில்லை. சில கடிகளில் விஷமே இறங்காது. சிறிது ரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசையாமல் வைப்பார்கள். உறைந்தால் நல்லது. உறையாவிட்டால், விரியனின் விஷம் ஏறியிருக்கிறது. மருந்து போட்டு 6 மணி நேரம் கழித்து மறுபடியும் இதே சோதனை உண்டு. கண் இமை தொங்குவது, மூச்சுத் திணறுவது போன்றவை நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்தின் அடையாளம்.

குதிரை தரும் மருந்து

இந்த மருந்தைத் தருவது குதிரை. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றுவார்கள். அதன் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. 1890-ல் பெரிங் என்ற ஜெர்மன் டாக்டரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் இந்த வழியைக் கண்டார்கள். 1901-ல் பெரிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் இதற்கு விஷம் எடுத்துத் தருவதில் முதலிடம் நம் தமிழ்நாட்டு இருளர்களுக்கே. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவு சங்கம் நடக்கிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எடை பார்க்கும் மருந்துகளும் உண்டு

குதிரை ரத்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். அதற்கு மாற்று அட்ரினலின் ஊசி. இதைப் பெரியவருக்கு அரை மில்லிகிராம் போடுவார்கள். குழந்தைக்கு எடை பார்த்துத்தான். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லிகிராம். விஷமுறிவு மருந்தைக் கலக்கும் உப்பு நீரையும் குழந்தையின் எடைக்கு ஏற்றபடி குறைப்பார்கள். மருந்தைக் குறைப்பதில்லை; நீரைத்தான் குறைப்பார்கள்.

வெறிநாய் கடித்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்துக்கும் எடைக் கணக்கு உண்டு. குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 யூனிட். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது 20 யூனிட். அதிகமானால் தடுப்பூசியின் வேலையை அது கெடுக்கும். குழந்தைக்குப் பல இடங்களில் கடி இருந்து மருந்து போதாவிட்டால், அளவைக் கூட்டாமல் உப்பு நீர் கலந்து எல்லாக் காயங்களிலும் போடுவார்கள். ஆனால் நாய்க்கடித் தடுப்பூசியோ, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு!

ஆகவே "குழந்தைக்குப் பாதி" என்ற கணக்கு எல்லா மருந்துக்கும் பொருந்தாது.

சர்க்கார் உத்தரவு

பாம்புக்கடியால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைக்க 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் திட்டம் வெளியிட்டது. 2024 நவம்பரில் தமிழக சர்க்கார், பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது.

இதனால் என்ன லாபம்? எந்த ஊரில் எத்தனை பேரைக் கடித்தது என்று தெரிந்தால்தான், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பது என்று தெரியும். ஒரே ஒரு குழந்தைக்கே முதல் தவணையில் பத்துக் குப்பி போய்விடும். இரண்டு மூன்று குப்பி இருந்தால் அது இருப்பு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஜாதிப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற மருந்து தேவை என்பதற்கும் இந்தக் கணக்கு உதவும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. குழந்தையை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசையாதபடி வைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். விடிகாலையில் குழந்தை வயிற்றுவலி என்று அழுது, கண் இமையும் தொங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அங்கே டாக்டர் பத்துக் குப்பியை எடுத்தால் தாய் பயப்பட வேண்டாம். அது குழந்தையின் எடைக்கு எடுத்த அளவல்ல. பாம்பின் விஷத்துக்கு எடுத்த அளவு.