கதவு யார் கையில்? காணொளிக் கூட்டங்கள் குறித்து ஒரு சிந்தனை



2020-ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கு நம் ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த பழக்கங்களில் ஒன்று காணொளிக் கூட்டம். அதுவரை பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் மட்டுமே நன்கு அறிந்திருந்த அது, சில வாரங்களிலேயே தஞ்சைத் தரணியின் கடைமடைக் கிராமங்கள் வரை வந்துவிட்டது. பிள்ளைகளின் பாடம், அன்பியச் செபம், திருமணப் பேச்சு, இறுதிச் சடங்கு என எல்லாம் கைப்பேசித் திரைக்குள் வந்தன. ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது.

சாவடியில் ஊர்க்கூட்டம் கூடினால் யார் வந்தார், யார் வரவில்லை, யார் எழுந்து போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். திரையில் கூடும் கூட்டத்துக்கும் ஒரு கதவு உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அந்தக் கதவு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். அந்நியரை உள்ளே விடக் கூடாது. உரியவரை வெளியே நிறுத்தக் கூடாது. உள்ளே இருப்பவர் விரும்பும்போது வெளியேற வழிவிட வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் இம்மூன்றும் எப்படித் தவறின என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

திறந்து கிடந்த கதவு

2019 டிசம்பரில் ஜூம் செயலியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். 2020 மார்ச்சில் அது 20 கோடியைத் தாண்டியது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று எண்ணிக் கட்டப்பட்ட வீடு அல்ல அது. கூட்ட எண் தெரிந்தவர் எவரும் உள்ளே நுழைய முடிந்தது. உலகெங்கும் வகுப்புகளிலும் வழிபாடுகளிலும் அந்நியர் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள், வசைமொழி பேசினார்கள். 2020 ஏப்ரலில்தான் அந்நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இலவசக் கணக்குகளுக்குத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. உரையாடல்கள் முழுமையாக மறைகுறியாக்கப்பட்டவை என்று அது சொல்லிவந்ததும் உண்மைக்குப் புறம்பானது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்ட, 2020 நவம்பரில் அது சமரசத்துக்கு வந்தது.

நம் உள்துறை அமைச்சகமும் 2020 ஏப்ரல் 16 அன்று, ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல, அரசு அலுவலர்கள் அலுவல் பணிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. தனியாருக்கு அது சொன்ன அறிவுரைகள் எந்தச் செயலிக்கும் இன்றும் பொருந்துபவை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண்ணும் கடவுச்சொல்லும் வையுங்கள். வருபவரைக் காத்திருப்பு அறையில் நிறுத்தி, அடையாளம் கண்டு உள்ளே விடுங்கள். நடத்துபவர் வருமுன் யாரும் நுழைய விடாதீர்கள். திரையைப் பகிரும் உரிமை நடத்துபவரிடம் மட்டும் இருக்கட்டும். எல்லாரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டுங்கள். முடிந்ததும் நீங்கள் மட்டும் வெளியேறாமல், கூட்டத்தையே முடித்துவிடுங்கள்.

மூடிக் கிடந்த கதவு

பூட்டு மட்டும் போதுமா? டெல்டா விவசாயிகளுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம், கொரோனா காலத்தில் டெல்டா மாவட்டங்களில் காணொளி வழியாக நடந்தது. விவசாயிகள் அந்தந்த வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குச் சென்று திரைமுன் அமர்ந்து பேச வேண்டியிருந்தது. நேரில் என்றால், முளைவிட்ட நெல்லை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போய் ஆட்சியரின் மேசைமேல் வைக்கலாம். திரையில் அந்த நெல் ஒரு மங்கலான புள்ளி. ஒலியை நிறுத்தும் பொத்தானும் மறுமுனையில் இருப்பவர் கையில்.

காவிரிப் பங்கீட்டை மேற்பார்வையிட 2018 ஜூனில் அமைக்கப்பட்ட காவிரி மேலாண்மை ஆணையமும் 2020 ஜூனில் காணொளி வழியாகவே கூடியது. நான்கு தரப்பு அதிகாரிகளுக்கு அது வசதிதான். பயணம் மிச்சம், காலம் மிச்சம். அதிகாரிகள் தத்தம் அலுவலகத்திலிருந்து கணக்கு பேசுவது வேறு. வாய்க்காலில் தண்ணீர் வராதவர் தன் குறையைச் சொல்ல வழி இருப்பது வேறு. முதலாவது திரையில் நன்றாகவே நடக்கும். இரண்டாவதற்குப் பல நேரங்களில் நேரில் வந்தாக வேண்டும். கொள்முதல் நெல்லின் ஈரப்பத வரம்பான 17 விழுக்காட்டைத் தளர்த்தக் கோரும்போது மத்தியக் குழுவினர் நேரில் வந்து மாதிரி எடுப்பது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் கவனித்தது. 2020 ஏப்ரல் 6 அன்று காணொளி விசாரணைக்கு நெறிமுறை வகுத்தபோது, அதற்கு வசதி இல்லாத வழக்காடிகளுக்கு நீதிமன்றமே வசதி செய்து தர வேண்டும் என்றும், இரு தரப்பும் இசையாமல் காணொளியில் சாட்சியம் பதியக் கூடாது என்றும் கூறியது. கூட்டம் கூட்டுகிறவர் எல்லாருக்கும் இது ஒரு பாடம். நம் திருச்சபையும் எல்லை வகுத்திருக்கிறது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002-ஆம் ஆண்டிலேயே திருப்பீடம் வெளியிட்ட ஏடு தெளிவுபடுத்தியது.

வெளியேற விடாத கதவு

மூன்றாவது தவறுதான் இன்று நம் முதியோரை அச்சுறுத்துகிறது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது", "உங்கள் ஆதாரை வைத்துப் பணமோசடி நடந்திருக்கிறது" என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும். பிறகு காணொளி அழைப்பு. சீருடை அணிந்தவர், பின்னால் அரசு முத்திரை. "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது" என்பார்கள். பணம் போய்ச் சேரும்வரை இரவும் பகலும் கேமரா அணையாது.

படிக்காதவர்தான் ஏமாறுவார் என்று எண்ண வேண்டாம். 2024-இல் வர்த்மான் நூற்பாலைக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு உச்ச நீதிமன்ற விசாரணை என்ற பெயரில் பொய்யான காணொளி அமர்வையே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று பிரதமரும் வானொலி உரையில், சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை என்று எச்சரித்தார். ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இவ்வாறு பறிபோயிருப்பதைக் கண்டு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. டிசம்பரில் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் தாய் தந்தையர் நம் பங்குகளில் எத்தனை பேர்! காணொளியில் முகம் பார்ப்பதே அவர்களுக்கு ஆறுதல். அந்த நம்பிக்கையைத்தான் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் முதியோரிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: எந்தக் காணொளி அழைப்பையும் துண்டிக்க உங்களுக்கு உரிமை உண்டு. துண்டியுங்கள், பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். விரைவாகச் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, நேரம். இங்கே இரவு 8 மணி என்றால் குவைத்தில் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 10.30. குடும்பக் கூட்டமோ பங்குக் கூட்டமோ, வேலை முடிந்து வருபவரையும் விடியலில் எழ வேண்டியவரையும் எண்ணி நேரம் குறியுங்கள். நடவுக் காலத்தில் காலைக் கூட்டம் வைத்தால் வயலில் நிற்கும் பெண்கள் வர முடியாது. இலவச ஜூம் கூட்டம் 40 நிமிடங்களில் முடிந்துவிடும்; குழுவாகப் பேசும் கூகுள் மீட் 60 நிமிடம். முக்கியமானதை முதலில் பேசுங்கள்.

இணைப்பைப் பொதுக் குழுக்களில் போடாதீர்கள். உரியவருக்குத் தனியே அனுப்புங்கள். பதிவு செய்வதானால் எல்லாரிடமும் முன்பே கேளுங்கள். கைப்பேசி இல்லாதவரும் இணையம் எட்டாதவரும் இருந்தால், அவர்கள் வந்து அமர ஒரு வீட்டையோ பங்கு அரங்கையோ ஒதுக்குங்கள். நம் இளையோர் இதற்கு உதவலாம். ஒரு மாலைப்பொழுது முதியவர் பக்கத்தில் அமர்ந்து அழைப்பை எப்படித் துண்டிப்பது என்று காட்டுவதும் பெரிய பணியே.

கூட்டத்தின் கதவு நம் கையில் இருக்கும்போது, வெளியே நிற்பது யார் என்று ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.