எண்ணிக்கை யோக்கியதையாகுமா?

மூளையையும் ஞாபகத்தையும் பற்றி ஆராயும் ஒரு விஞ்ஞானியின் யோக்கியதையை அறிய இன்று கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார்? அவற்றை மற்றவர்கள் எத்தனை தடவை எடுத்துக் காட்டினார்கள்? உத்தியோகமும் ஆராய்ச்சிப் பணமும் இந்தக் கணக்கைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. 2005-ல் ஹிர்ஷ் என்னும் பெளதிகப் பேராசிரியர் இதற்கு ஓர் எண்ணும் வகுத்துக் கொடுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20, ஒவ்வொன்றும் 20 தடவையாவது எடுத்துக் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. கட்டுரையைப் படிக்காமலே ஆளை எடை போட இதைவிடச் சௌகரியமான வழி வேறு என்ன வேண்டும்?

நாம் கேட்பதெல்லாம், பலர் எடுத்துச் சொன்னதனாலேயே ஒரு சங்கதி உண்மையாகிவிடுமா என்பதுதான்.

2006-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. மூளையில் சேரும் ஒருவகைப் புரதமே ஞாபகத்தைக் கெடுக்கிறதென்று எலிகளைக் கொண்டு காட்டிவிட்டதாக அது சொல்லிற்று. அல்ஸைமர் என்னும் மறதி நோய்க்குக் காரணம் அகப்பட்டதாகப் பலர் நம்பினார்கள். 2000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் அதை எடுத்துக் காட்டின. அந்தப் புரதத்தைத் தேடியும் காணாத ஆராய்ச்சிசாலைகளும் உண்டு. ஆயினும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போயிற்று. 2022-ல் அதிலுள்ள படங்கள் திருத்தப்பட்டவை என்ற சந்தேகம் பகிரங்கமாயிற்று. 2024-ல் கட்டுரையே வாபஸ் பெறப்பட்டது. இடையில் கழிந்தது 18 வருஷம்! பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் விழிக்கும் நோயாளிக்கு இந்த எண்ணிக்கையால் என்ன பிரயோஜனம்?

நிற்க, 1957-ல் ஸ்கோவில் என்ற சத்திர வைத்தியரும் பிரெண்டா மில்னர் என்ற அம்மையாரும் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையின் உட்பகுதி அறுத்தெடுக்கப்பட்ட ஒருவருக்குப் புதிய ஞாபகம் தங்கவில்லை என்று அது கூறிற்று. இதையும் ஆயிரக்கணக்கானோர் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அது நிலைத்தது அதனாலன்று. மற்றவர்கள் வேறு நோயாளிகளிடமும் குரங்குகளிடமும் சோதித்தார்கள். 8 சென்டிமீட்டர் எடுத்ததாக வைத்தியர் சொன்னதைக்கூட விடவில்லை. 1997-ல் படம் பிடித்துப் பார்த்து, சுமார் 5 சென்டிமீட்டர்தான் என்று திருத்தினார்கள். 2008-ல் அந்த மனிதர் இறந்தபின் மூளையையே சீவிப் பார்த்தார்கள். விஞ்ஞானம் என்பது இதுவேயாகும்.

ஆகவே, கணக்கு இரண்டு கட்டுரைகளையும் உயர்ந்தவை என்றுதான் காட்டும். நிலைத்தது எது, வீழ்ந்தது எது என்று அது ஒருபோதும் சொல்லாது. 1964-ல் கார்பீல்டு இந்த அட்டவணையை வெளியிட்டது எந்தக் கட்டுரையை யார் பேசினார்கள் என்று தேடிப் பார்க்கத்தான். தேடும் கருவியைத் தராசாக்கியது பின்னால் வந்தவர்களின் சோம்பலேயாகும்.

இவ்விதக் கணக்கைக் கொண்டு ஆளை மதிப்பிடக் கூடாதென்று 2012-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் பத்திராதிபர்களுமே ஒரு பிரகடனம் செய்தார்கள். கையெழுத்திட்டால் மட்டும் போதுமா? ஆள் தெரிந்தெடுக்கும் கமிட்டியார் கட்டுரையை உட்கார்ந்து படிக்கட்டும். பிறர் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பவருக்கும் பணமும் மதிப்பும் கிடைக்கட்டும். இல்லாவிட்டால், ஒரு சோதனையைப் பத்து தடவை சரிபார்க்கும் யோக்கியமான வாலிபர் வெளியே நிற்பார். அவசரக்காரர் நாற்காலியில் அமருவார்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்பதை விட்டு, எத்தனை பேர் செய்து பார்த்தார்கள் என்று கேட்பதே பகுத்தறிவாகும்.