டொக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்

ஸ்காபரோவில் எம்மவரிடம் சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். ஆனால் டொக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் மட்டும் பதில் ஒன்றுதான்: "சும்மா, இடைக்கிடை பார்ட்டியில ஒண்டு ரெண்டு."

அந்த ஒன்று இரண்டின் அளவு என்ன? கனடாவின் கணக்கில் ஒரு 'ட்ரிங்க்' என்பது 341 மில்லிலீற்றர் பியர், அல்லது 142 மில்லிலீற்றர் வைன், அல்லது 43 மில்லிலீற்றர் விஸ்கி. எங்கள் பேஸ்மென்ட் பார்ட்டிகளில் கண்மட்டத்துக்கு ஊற்றும் ஒரு பெக்கில் இப்படி இரண்டு அடங்கிவிடலாம். 2023 ஜனவரியில் வெளியான கனடிய வழிகாட்டலின்படி வாரத்துக்கு 2 ட்ரிங்க் வரை ஆபத்து குறைவு. 3 முதல் 6 வரை மிதமான ஆபத்து. 7ஐத் தொட்டால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். "சனிக்கிழமை மட்டும்தான்" என்பவர் அந்த ஓர் இரவிலேயே இந்த எல்லையைத் தாண்டிவிடுவார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் கனடிய மருத்துவச் சங்க சஞ்சிகையில் வந்த இன்னொரு வழிகாட்டல், வளர்ந்தோர், இளையோர் எல்லோரிடமும் ஆண்டுதோறும் மதுபாவனை பற்றிக் கேட்குமாறு வைத்தியர்களுக்குச் சொல்கிறது. இதில் 'எல்லோரிடமும்' என்ற சொல்லே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்து கேட்டால் அது குற்றச்சாட்டு. எல்லோரிடமும் கேட்டால் பிரஷர் பார்ப்பது மாதிரி அதுவும் ஒரு சோதனை. பெண்களிடம் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிடுவதும் பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிற்' வினாக்கொத்தில் 10 கேள்விகள்தான். 40 புள்ளிகளில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும். ஊசியும் இல்லை, செலவும் இல்லை.

பிறகேன் மறைக்கிறோம்? நான் காணும் காரணங்கள் இரண்டு.

முதலாவது வெட்கம். ஆங்கிலம் தெரியாத தகப்பனுக்கு மகள் மொழிபெயர்க்க இருந்தால் அவர் எப்படி உண்மை சொல்வார்? இந்தக் கேள்வி தமிழில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் கேட்கப்பட வேண்டும். தமிழர் அதிகம் போகும் கிளினிக்குகள் இதையாவது செய்யலாம்.

இரண்டாவது, லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். டிரக்கும் டாக்ஸியும் ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்களில் இது சின்னப் பயமில்லை. ஆனால் ஒன்ராறியோவில் வைத்தியர் கட்டாயம் அறிவிக்க வேண்டியது, கட்டுப்பாடில்லாத போதைப் பழக்கம் என்று கண்டறியப்பட்டும் சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவரைப் பற்றித்தான். வாகனம் ஓட்டுவது ஆபத்து என்று நினைத்தால் அவர் தானாகவும் அறிவிக்கலாம் என்பது உண்மையே. அப்படிப் பார்த்தாலும், நேரத்தோடு சொல்லிச் சிகிச்சைக்குப் போகிறவருக்கே லைசென்ஸைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

மறைப்பதன் விலை பெரிது. தினமும் குடிப்பவர் அதைச் சொல்லாமல் சத்திரசிகிச்சைக்குப் படுத்தால், மது நின்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரை போகலாம். வீட்டிலும் "இண்டையோட விட்டிட்டன்" என்று திடீரென நிறுத்துவது அவருக்கு ஆபத்து. டொக்டரிடம் சொன்னால் அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழியுண்டு. குடிக்கும் ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு.

2024 செப்டெம்பர் 5 முதல் ஒன்ராறியோவில் மூலைக்கடையிலேயே பியரும் வைனும் கிடைக்கின்றன. பால் வாங்கப் போகிற கடையில் மது வாங்கலாம் என்றால், பிரஷர் பார்க்கப் போகிற இடத்தில் மதுவைப் பற்றிப் பேசவும் வேண்டும். அடுத்த முறை டொக்டர் கேட்டால் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே தொடங்குங்கள். டொக்டரிடம் போகத் தயக்கமென்றால் கொனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 இலக்கத்தை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.