நுவரெலியா 'சில்' எண்டு கதைக்கிற எங்கள் எல்லாருக்கும்

நுவரெலியாவுக்கு முதல்தரம் போய் வந்தவன் என்ன சொல்லுவான் எண்டு எங்களுக்குத் தெரியும். நாங்களும் அதைத்தான் சொன்னோம். "மச்சான், குளிர் எண்டால் அப்பிடிக் குளிர். அந்தக் குளிருக்க ஒரு லயன் அடிச்சம் பார், சொல்லி வேலையில்லை." யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்த எட்டுப் பேர் ஒரு வானில் ஏறி, ரம்பொடை வளைவுகளில் இரண்டு பேர் சத்தியெடுத்து, கடைசியில் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அந்தக் காற்றை நாங்கள் மறுக்கப்போவதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர், குளிரத்தான் செய்யும். பியரும் நல்லாத்தான் இருந்தது.

எங்கட சண்டை அதுக்குப் பிறகு வாற கதையோடு.

"குட்டி இங்கிலாந்து" எண்டு படத்துக்குக் கீழே எழுதுகிறோமே, அது யாருடைய கண்? 1840களில் காய்ச்சலில் விழுந்து உடம்பு தேற அங்கே போன சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயருக்குக் குளிர் பிடித்துப்போனது. இங்கிலாந்திலிருந்து மாடும் ஆளும் கலப்பையும் கொண்டுவந்து குடியேறினார். பிறகு வந்த ஆளுநர் கிரெகரியின் பெயரில் ஒரு வாவி. 1881இல் ஒரு பியர் ஆலை. வெயில் தாங்காத வெள்ளைக்காரன் தனக்குச் செய்துகொண்ட ஊர் அது. நூற்றெழுபது வருசத்துக்குப் பிறகு போன நாங்கள், அவன் பார்த்ததையே பார்த்துவிட்டு, எங்கட சொந்த அனுபவம் எண்டு பதிவு போடுகிறோம்.

அந்த 'உள்ளூர்' பியர் இப்ப அங்கே வடிக்கப்படுவதுமில்லை. ஆலை கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்குப் போய்விட்டது. மோல்ட் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பணியப் புழுக்கத்தில் போத்தலில் அடைத்து லொறியில் மேலே ஏற்றியதைத்தான் "அந்தத் தண்ணியின்ர ருசி" எண்டு நாங்கள் புகழ்ந்தோம். சிரிப்பு வருகிறது, பரவாயில்லை.

குளிரைப் பற்றின கதை சிரிக்கக் கூடியதில்லை. திரும்பி வரும்போது லபுக்கலைப் பக்கம் வான் பழுதாகி ஒரு தேத்தண்ணிக் கடையில் இரண்டு மணித்தியாலம் நிண்டோம். கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் பஸ்சுக்கு நிண்டவர். "குளிர் சூப்பர் அம்மா" எண்டோம், பெரிய ஆக்கள் மாதிரி. அவர் சிரித்தார். "சித்திரையில வர்றீங்க, அப்படித்தான் இருக்கும். தை மாசம் வந்து பாருங்க தம்பி. விடியக்காலையில புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கும். கொழுந்து கருகிப்போயிரும். கருகுனா கிலோ வராது. கிலோ வரலன்னா அரைப் பேருதான்."

பேர் எண்டால் ஒருநாள் சம்பளம். அரைப் பேர் எண்டால் பாதி. உறைபனி எங்களுக்குப் படம், அவருக்குப் பாதிச் சம்பளம். மழை எங்களுக்குச் 'சீன்'. ஒரு லயத்துக் காம்பராவில் ஆறேழு பேராய்ப் படுத்திருப்பவர்களுக்கு, பின்னால் நிற்கிற மலை இண்டைக்கு இரவு நிண்டு பிடிக்குமா எண்ட கேள்வி. பக்கத்துப் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது எண்டு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஆக்களுக்குப் போக வேறு காணி இருக்கவில்லை.

இனி எங்களுக்கு வெட்கமான பகுதி. அண்டிரவு அறையில் எங்களில் ஒருவன், மூன்றாவது டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "தோட்டத்து ஆக்கள் உழைக்கிறதை முழுக்கக் குடிச்சே அழிக்கினம்" எண்டான். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. தலையாட்டினோம். நாங்கள் குடித்தால் ட்ரிப், அவர்கள் குடித்தால் சீரழிவு! தோட்டங்களில் குடி பெரிய பிரச்சினைதான். அதை எங்களைவிட நன்றாகத் தெரிந்த அங்கத்தைப் பெண்கள் சாராயக்கடைகளுக்கு எதிராக றோட்டில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் எண்டு வருசக்கணக்காகக் கத்தி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. எங்கட 'உள்ளூர் பியர்' ஒரு போத்தல் வாங்கினாலே அந்தச் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். அதனால் கசிப்பும் மலிவான சாராயமும் அவர்களுக்கு. குளிரும் பியரும் எங்களுக்கு. பிறகு ஒழுக்கம் பற்றின வகுப்பும் நாங்களே எடுக்கிறோம்.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனம். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு வழி பிறக்க 2003 ஆகியது. இதையெல்லாம் வடக்கில் நாங்கள் மேடையில் கதைப்போம். வீட்டில் 'தோட்டக்காட்டான்' எண்ட சொல் இன்னும் சாகவில்லை.

இதை எழுத இருந்தபோது எங்களில் ஒருத்திக்குத் தன்ர பெரியம்மா வீட்டில் வேலைக்கு நிண்ட பிள்ளையின் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயசிருக்கும். தலவாக்கலைப் பக்கம். அந்தக் குளிரிலிருந்து ஒரு பங்குனி மாதம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விட்டவர்கள். குசினிக்குள் படுக்கை. எங்கட வெயில் அவளுக்கு எப்படி இருந்தது எண்டு அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை. தானும் கேட்கவில்லை எண்டாள்.