பந்தும் பசியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

விளையாட்டு வீரனுக்கு விளையாட்டே தொழில். மாணவனுக்குப் படிப்பே தொழில். அவரவர் தம் தொழிலோடு நின்றுகொண்டால் எல்லாம் நலமாக நடக்கும் என்று சொல்வோர் நம்மிடையே பலர். கேட்பதற்கு நல்ல அறிவுரையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த அறிவுரை யாரிடம், எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டாமா? இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்போர்டின் கதையைக் கொண்டு இதைச் சிந்தித்துப் பார்க்க விரும்புகிறேன்.

ராஷ்போர்டு 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளைத் தனி ஒருத்தியாக நின்று வளர்த்தவர் அவருடைய தாய். குறைந்தபட்சக் கூலிக்கு முழுநேரம் உழைத்தும் எல்லா நாளும் மேசையில் சோறு வைக்க அந்தத் தாயால் இயலவில்லை. பள்ளியில் கிடைத்த இலவச உணவும், அண்டை வீட்டாரும் பயிற்சியாளர்களும் காட்டிய பரிவும்தாம் தம்மை வளர்த்தன என்று ராஷ்போர்டே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். பணக்கார நாடு என்று நாம் எண்ணுகின்ற இங்கிலாந்திலும் பிள்ளைகள் பசியோடு உறங்குகிறார்கள் என்பதை அப்போதுதான் நம்மில் பலர் அறிந்தோம்.

ஏழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பதினெட்டாம் வயதில் வாய்ப்பு வந்தது. அது வந்த விதம் வேடிக்கையானது. 2016 பிப்ரவரி 25 அன்று டென்மார்க் நாட்டுக் குழு ஒன்றுடன் ஆட்டம். தொடங்குமுன் உடலைச் சூடேற்றிக் கொண்டிருந்தபோது முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் காயமடைந்தார். அந்த இடத்தில் இறக்கப்பட்ட இளைஞர் இரண்டு கோல் அடித்தார். மூன்றே நாள் கழித்து ஆர்சனல் குழுவுக்கு எதிராக மேலும் இரண்டு கோல். அதே ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நாட்டுக்காக முதன்முதல் ஆடியபோது, ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம் முடிவதற்குள் கோல் அடித்தார். பத்திரிகைகள் அவரை வானத்தில் ஏற்றி வைத்தன.

முன்கள வீரனின் பிழைப்பு கடினமானது. தடுப்பாட்டக்காரன் பத்துப் பந்தைத் தடுத்தால் அதை யாரும் எண்ணி எழுதி வைப்பதில்லை. முன்கள வீரனுக்கோ கோல் என்ற ஓர் எண் மட்டுமே கணக்கு. எண் ஏறினால் தோளில் தூக்குவார்கள், இறங்கினால் தூற்றுவார்கள். இந்த உலகில் வாழும் ஓர் இளைஞர் தம் ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2020 ஜனவரியில் அவருடைய முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவர் ஆடாமல் ஓய்வில் இருந்தபோது கொரோனா வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி மூடினால் பள்ளிச் சோறும் நின்றுபோகும் என்பது பாடப்புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியா? பசித்தவனுக்குத்தான் அது உடனே தோன்றும். தொண்டு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து பணமும் உணவும் திரட்டினார். பிறகு கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுச் சீட்டு வழங்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஜூன் மாதத்தில் ஒரு திறந்த மடல் எழுதினார். முடியாது என்றிருந்த அரசு, மடல் வெளிவந்த மறுநாளே இறங்கி வந்தது. ஏறத்தாழ 13 லட்சம் பிள்ளைகளுக்கு அந்தக் கோடையில் உதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அக்டோபரில் மீண்டும் அதே கேள்வி எழுந்தது. அடுத்துவரும் விடுமுறைகளிலும் உணவு வழங்கக் கோரிய தீர்மானம் நாடாளுமன்றத்தில் 261-க்கு 322 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. ராஷ்போர்டு ஓயவில்லை. அவருடைய மனுவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டனர். நகராட்சிகளும் சிற்றுண்டிக் கடைகளும் தாமே உணவு தர முன்வந்தன. நவம்பரில் அரசு குளிர்கால உதவியாக 17 கோடி பவுண்டு ஒதுக்கியது.

நம் ஊர்ச் சத்துணவை உண்டு வளர்ந்தவன் என்பதால் இச்செய்தி என் நெஞ்சைத் தொட்டது. சத்துணவுக் கூடத்தின் கதவு சனி, ஞாயிறுகளில் பூட்டியிருக்கும். மே மாதம் முழுவதும் பூட்டியிருக்கும். விடுமுறை என்றால் எல்லாப் பிள்ளைகளும் துள்ளுவார்கள் என்று கதைகளில் எழுதுகிறார்கள். எங்கள் வகுப்பில் துள்ளாத பிள்ளைகளும் இருந்தோம்.

இனி எதிர்த்தரப்பைக் கேட்போம். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் நடந்தது. ராஷ்போர்டு ஆட்டம் முடியும் கட்டத்தில் பெனால்டி அடிப்பதற்காகவே இறக்கப்பட்டார். அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவரைப் போல இன்னும் இருவரும் தவறவிட்டனர், இங்கிலாந்து தோற்றது. மூன்று கறுப்பின இளைஞர்களையும் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். அரசியலில் நேரத்தைச் செலவிடாமல் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தியிருக்கலாமே என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே எழுதினார். பிறகு மன்னிப்பும் கேட்டார்.

நான் கணித மாணவன். ஏசுவதை விட்டுவிட்டு எண்ணிப் பார்ப்போமே! மான்செஸ்டர் யுனைடெட் குழுவுக்காக 2019–20 பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 22. மனுவும் மடலுமாக அவர் ஓயாது அலைந்த 2020–21 பருவத்தில் 21. வேறுபாடு ஒரே ஒரு கோல்! அடுத்த பருவத்தில் 5 ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் தோள்பட்டை வலியோடு முந்திய பருவம் முழுவதும் ஆடிவிட்டு, 2021 ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2022–23 பருவத்தில் 30 கோல். அவர் வாழ்க்கையில் அதுவரை இல்லாத உச்சம். அடுத்த பருவத்தில் 8. பிரசாரத்தின் ஆரவாரம் அடங்கி நெடுநாள் ஆன பின் வந்த சரிவு இது. இந்த ஏற்ற இறக்கத்தில் சோற்றுக்காகப் பேசியதன் பங்கு எங்கே இருக்கிறது? எனக்குத் தென்படவில்லை.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் வாதிடவில்லை. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் பயிற்சியாளர் அவரை அணியிலிருந்து ஒதுக்கினார். உழைப்புப் போதாது என்ற விமரிசனமும் எழுந்தது. 2025 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கும், ஜூலையில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவுக்கும் இரவல் வீரராக அனுப்பப்பட்டார். செப்டம்பரில் பார்சிலோனாவின் உடையில் இங்கிலாந்து மண்ணுக்கே வந்து, நியூகாஸில் குழுவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். சரியாக ஆடாத நாளில் அவரைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதுவது நேர்மை ஆகாது.

இன்னொன்றையும் கேட்கிறேன். காலணி விளம்பரத்துக்கு அவர் நின்றபோது, “உன் ஆட்டத்தைப் பார்” என்று நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் எழுதினாரா? விற்பதற்குப் பேசினால் திறமை. பசிக்குப் பேசினால் கவனச் சிதறலா?

இந்த நீதி நமக்கும் புதிதன்று. சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலைப் பேருந்து நின்றுபோயிற்று. கல்லூரிக்கு வரும் நாங்கள் நால்வரும், பூக்கட்டி விற்கும் பெண்களும் மூன்று கிலோமீட்டர் நடக்க நேர்ந்தது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். “தம்பி, உங்க வீட்டிலேயே முதல் முதலாக் காலேஜ் போறவன் நீ. ஊர் வம்பு உனக்கு எதுக்குப்பா?” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அன்போடுதான் சொன்னார். அந்தப் பருவத்தேர்வில் எனக்கு ஒரு தாளில் அரியர் விழுந்தது. மனுவால் வந்த வினை என்று ஊரே சொல்லிற்று. மனுவுக்காக நான் செலவிட்டது ஒரு சனிக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும். அந்தத் தாளை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதே உண்மை. அந்தக் குறை என்னுடையது. மனுவின் தலையில் அதைக் கட்டுவானேன்?

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். படித்து மேலே போ, திரும்பிப் பாராதே என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஏழ்மையிலிருந்து ஏறி வந்தவன் பின்னால் நிற்பவர்களைப் பற்றிப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்? பேசுவதால் தேர்வில் மதிப்பெண்ணுக்குச் சலுகை கேட்க வேண்டாம். படிக்க வேண்டியதைப் படித்தே தீர வேண்டும். ஆனால் பேசியதற்காகத் தலைகுனியவும் வேண்டாம்.

அரியர் தாளை இம்முறை எழுதித் தேறிவிட்டேன். பேருந்து இன்னும் வரவில்லை. அடுத்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக் கொண்டிருக்கிறேன்.