புளியரையில் ஒரு விசா

கோவிஷீல்டு தடுப்பூசியை ஏற்ற பிரிட்டன், அதைப் போட்டதற்கு நாம் தந்த சான்றிதழை மட்டும் ஏற்காமல் இழுத்தடித்த 2021 செப்டம்பர் கூத்தை மறுபடி படித்தபோது எனக்கு லண்டன் நினைவுக்கு வரவில்லை, தமிழக-கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச்சாவடிதான் வந்தது. அதற்கு முந்தைய மாதம் 5ஆம் தேதி முதல், கேரளத்திலிருந்து வருகிறவர் ஆர்டிபிசிஆர் முடிவையோ இரண்டு தவணைச் சான்றையோ காட்டினால்தான் தமிழகத்துக்குள் அனுமதி. அங்கே கொரோனா தொற்று ஏறிக் கிடந்த நேரம், கேட்டதில் தப்பில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவும் இப்பால் உள்ள செங்கோட்டையும் கொண்டான் கொடுத்தான் ஊர்கள் அல்லவா? 1956இல் மாநில எல்லையைத் திருத்தும்வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவன் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. விமானம் ஏறுகிறவருக்குச் சான்றிதழ் கைப்பேசியிலேயே இருந்தது. மலை தாண்டிக் கூலி வேலைக்குப் போகிறவர் அதைக் கணினி மையத்தில் காசு கொடுத்து அச்செடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்காரன் அவமதித்தான் என்று தொலைக்காட்சியில் கொதித்தவர்கள் யாரும் இவரைப் பற்றிப் பேசவில்லை. சரி, எல்லாத் தாளையும் காட்டிச் சாரலுக்கு வந்தவருக்காவது குற்றாலம் கிடைத்ததா என்றால், அருவியில் குளிக்கத் தடை!