ஐம்பதுக்கு மேல் அழகு எதற்கு?

மாமல்லபுரம் போகிறவர்கள் கிருஷ்ண மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஓர் ஆயர்பாடியையே பாறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பால் கறப்பவர் இருக்கிறார், தலையில் சுமையோடு நிற்கும் பெண் இருக்கிறாள். கொஞ்ச தூரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேல் துர்க்கை. அங்கே செதுக்கப்பட்ட பெண்களில் அநேகம் பேருக்கு மெல்லிய இடை, நிமிர்ந்த தோள். ஆயிரத்து முந்நூறு வருடங்கள் ஆகியும் அவர்களுக்கு வயது ஏறவே இல்லை!

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் வேறு பெண்களைப் பார்க்கலாம். சுண்டல் விற்பவர், பாசிமணி விற்பவர், மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பவர். தேவனேரி, கொக்கிலமேடு, பட்டிபுலம், கோவளம் என்று கடற்கரை நெடுக இவர்கள்தான். பலருக்கு வயது ஐம்பதுக்கு மேல். தலையில் சுமை இவர்களுக்கும் உண்டு. ஆனால் இவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஐம்பது வயது ஆகிவிட்டால் பெண்ணுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே ஊர் மறந்துவிடுகிறது. மறந்தால்கூடப் பரவாயில்லை... கேலி செய்வதற்கு மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறது!

"பேரன் பேத்தி எடுத்த வயசுல சுடிதார் கேக்குதா?"

"இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்கு இந்த அலங்காரம்?"

"வாக்கிங்கா? வீட்டு வேலையைப் பார்த்தா போதாதா?"

செங்கல்பட்டுத் தெருக்களில் இந்த மூன்று கேள்வியில் ஒன்றையாவது கேட்காமல் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் வெளி ஆள் இல்லை. கணவர், மகன், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா.

தமிழில் பழைய கதைகள் இரண்டு உண்டு. ஔவையார் தனக்குத் திருமணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலேயே கிழவியானாராம். காரைக்கால் அம்மையார் கணவன் விலகிய பிறகு, அழகான உடம்பைச் சுமக்க விரும்பாமல் சிவனிடம் பேய் வடிவம் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். அவரை எலும்பும் தோலுமாகச் செதுக்கி, கையில் தாளம் கொடுத்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராஜர் காலடியில் உட்கார வைத்தார்கள் சோழர்கள். இரண்டு பேரும் முதுமையை எதற்குக் கேட்டார்கள்? ஊர்க் கண்ணிலிருந்து தப்பிக்க!

இன்றைய பெண்ணுக்கு முதுமை கேட்காமலே வருகிறது. ஆனால் ஊர்க் கண் மட்டும் விலகுவதில்லை. இதுதான் பிரச்சினையே.

இதில் அரசாங்கத்தின் கணக்கும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆனால் இந்தக் கணக்கு 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களுக்கு மட்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மூத்தவர்களுக்கும் பார்த்தார்கள். உயரமும் எடையும் 49 வயதோடு நின்றுவிட்டது. பிள்ளை பெறும் வயது முடிந்தால் கணக்கும் முடிந்தது! 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனி ஆய்வு 2017-18ல்தான் முதன்முதலாகப் பெரிய அளவில் நடந்தது.

உண்மையில் உடம்பைக் கவனிக்க வேண்டிய வயதே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. தசை குறைகிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். பாத்ரூமில் ஒரு முறை வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தால், பிறகு எழுந்து நடக்காமலே போனவர்கள் எத்தனை பேர்!

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வேலை ஒரே தசையை, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கிறது. இருபது கிலோ கூடையை முப்பது வருடம் சுமந்த கழுத்து பலமாவதில்லை, தேய்கிறது. வேலை அடுத்தவருக்காகச் செய்வது; நிறுத்தும் நேரமும் அவள் கையில் இல்லை. பயிற்சி அவளுக்காகச் செய்வது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிட நடை, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்ந்தால் அதுவும் பயிற்சிதான். ஜிம்முக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சரி, உடைக்கு வருவோம். அங்கேதான் எல்லாம் நிற்கிறது.

விடியற்காலை வாக்கிங் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு நடப்பார்கள். சிலர் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தெரு முனை வரை போய்த் திரும்பிவிடுவார்கள். ஷூ வாங்கக் காசு இல்லாமல் இல்லை. சேலைக்குக் கீழே ஷூ தெரிந்தால் சிரிப்பார்களே என்ற பயம்!

சேலையில் பயிற்சி செய்ய முடியாது என்பதும் இல்லை. கோவை நானம்மாள் பாட்டி சேலையோடே ஆசனங்கள் செய்து காட்டியவர். 2018ல் பத்மஸ்ரீ வாங்கி, 2019ல் 99 வயதில் மறைந்தார். கேரளத்து வடகரையில் மீனாட்சியம்மா எழுபதைத் தாண்டிய வயதிலும் சேலையை வரிந்து கட்டி வாளோடு களரியில் இறங்கினார். அவருக்கு 2017ல் பத்மஸ்ரீ. ஊரே கை தட்டியது. ஆனால் அதே வயதில் ஒரு பெண் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் கை தட்டுவார்களா? பாட்டி செய்ததைப் பாராட்டினார்களா, பாட்டியின் சேலையைப் பாராட்டினார்களா?

இதில் வியாபாரமும் சேர்ந்து விளையாடுகிறது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு விற்க முகச்சுருக்கம் போக்கும் கிரீமும் தலைமுடிச் சாயமும் கடை நிறைய இருக்கின்றன. அகலப் பாதத்துக்கு ஏற்ற ஷூவும், கனத்த உடம்பைத் தாங்கும் நல்ல உள்ளாடையும் கேட்டால் "ஸ்டாக் இல்லைம்மா". இளமையாகத் தெரிவதற்குச் சரக்கு உண்டு, வசதியாக நடமாடுவதற்கு இல்லை! நரைக்குச் சாயம் பூசுவதும் பூசாமல் விடுவதும் அவள் இஷ்டம். "ஐம்பதிலும் இருபது போல இரு" என்று சொல்கிற விளம்பரமும், "வயசுக்குத் தகுந்த மாதிரி இரு" என்று சொல்கிற உறவினரும் வேறு வேறு இல்லை. இருவருமே அவள் விருப்பத்தைக் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்? 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. நல்ல விஷயம். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களுக்கும் 8 கி.மீ. நடைபாதை அறிவித்துத் தொடங்கினார்கள். அதுவும் நல்ல விஷயம். ஆனால் பாதை போட்டால் மட்டும் பெண்கள் வந்துவிடுவார்களா? இரண்டு மூன்று பிரசவம் பார்த்த பல பெண்களுக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்ல மாட்டார்கள். வெளியே வருவதையே குறைத்துக்கொள்வார்கள். இடுப்பின் அடித்தசைக்கான எளிய பயிற்சியால் பலருக்கு இது குறையும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? வழியில் சுத்தமான கழிப்பறை, உட்கார ஒரு பெஞ்ச், எரிகிற விளக்கு... இவை இருந்தால்தான் அது அவர்களுக்கும் நடைபாதை.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. காலை அரை மணி நேரம் காபியை வேறு யாராவது போடட்டும். அவள் சுடிதார் எடுத்தால், "நல்லா இருக்கும்மா" என்று சொல்லட்டும். அதுகூட முடியாவிட்டால் பேசாமலாவது இருக்கட்டும்.

கல்லில் நிற்கும் பெண்களை உப்புக் காற்று அரிக்கிறது என்று வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். அதே காற்றில் நிற்கிற பெண்கள் வேலி கேட்கவில்லை. நடக்க வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.